உள்ளூர்த் தொழிலிலிருந்து ஒரு கேஸ் எழுதி வகுப்பில் நடத்துவது எப்படி?

கடலூர், புதுச்சேரி வட்டாரக் கல்லூரிகளில் பி.காம்., பி.பி.ஏ., எம்.பி.ஏ. வகுப்புகளுக்குப் பாடம் நடத்தும் ஆசிரியர்களுக்கான வழிகாட்டி இது. கேஸ் ஸ்டடி என்ற பெயரில் நம் வகுப்புகளில் நடப்பது பெரும்பாலும் இரண்டில் ஒன்றுதான். பாடநூலின் அத்தியாயக் கடைசியில் அரைப் பக்கத்துக்கு அச்சிட்டிருக்கும் கதையைப் படித்துவிட்டு, அதன் அடியில் உள்ள மூன்று கேள்விகளுக்கு விடை எழுதச் சொல்வது ஒன்று; இணையத்தில் கிடைத்த ஏதோ ஒரு பன்னாட்டு நிறுவனத்தின் வெற்றிக் கதையை மாணவர்கள் ஸ்லைடு போட்டு ஒப்பிப்பது மற்றொன்று. இரண்டிலும் யாரும் எதையும் தீர்மானிப்பதில்லை. தீர்மானம் எப்போதோ எடுக்கப்பட்டுவிட்டது, அதன் பலனும் ஊருக்கே தெரிந்துவிட்டது, மாணவர் அதற்குக் காரணம் மட்டும் சொல்கிறார். கேஸ் முறை உருவானதோ இதற்கு நேர் எதிரான நோக்கத்தோடு: உண்மையான ஒரு நிலைமையைக் கையில் கொடுத்து மாணவரையே தீர்மானிக்க வைப்பதற்கு. எழுதும் முறைக்குப் போகும் முன் அது வந்த வழியைப் பார்த்துவிடுவது பயன்தரும். நூறாண்டுக்கு முன் அதைத் தொடங்கியவர்கள் பட்ட சிரமம்தான் இன்று நம்முடைய சிரமமும்.

முறை வந்த வழி

1870இல் ஹார்வர்டு சட்டப் பள்ளியின் டீனாகப் பொறுப்பேற்ற கிறிஸ்டோபர் கொலம்பஸ் லாங்டெல், ஆசிரியர் சட்ட விதிகளைச் சொல்லச் சொல்ல மாணவர்கள் எழுதிக்கொள்ளும் வழக்கத்தை மாற்றினார். மேல்முறையீட்டு நீதிமன்றங்களின் தீர்ப்புகளையே தொகுத்துக் கையில் கொடுத்து, நீதிபதி ஏன் இப்படிச் சொன்னார், விவரங்கள் சற்று மாறியிருந்தால் தீர்ப்பும் மாறியிருக்குமா என்று கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டு வகுப்பை நடத்தினார். ஒப்பந்தச் சட்டம் குறித்த அவருடைய தொகுப்பு 1871இல் வெளிவந்தது. சட்டத்துக்கு இது எளிதில் பொருந்தியது, ஏனென்றால் தீர்ப்புகள் அச்சாகி அலமாரி அலமாரியாகக் காத்திருந்தன.

வணிகத்துக்கு அப்படி எதுவும் இல்லை. 1908இல் ஹார்வர்டு வணிகப் பள்ளி தொடங்கியபோது அதன் முதல் டீனான எட்வின் கே, சட்டப் பள்ளியை ஒத்த ஒரு முறையைத்தான் விரும்பினார். ஆனால் படிக்கக் கொடுக்கச் சரக்கு இல்லை. எந்த வணிகரும் தம் கணக்கையும் குழப்பத்தையும் தாமே அச்சிட்டு ஊருக்கு வழங்குவதில்லை. 1919இல் இரண்டாவது டீனாக வந்த வாலஸ் டோனம் சட்டம் படித்தவர், வங்கித் தொழிலிலும் இருந்தவர். சந்தைப்படுத்தல் குறித்துப் பாடநூல் எழுத எண்ணியிருந்த மெல்வின் கோப்லேண்டிடம், விளக்கப் பாடநூலைக் கைவிட்டுப் பிரச்சினைகளின் தொகுப்பாக எழுதும்படி அவர் சொன்னார். அது 1920இல் வெளியானது. அதே பள்ளியின் வணிக ஆராய்ச்சிப் பிரிவும் கேஸ் திரட்டும் வேலைக்குத் திருப்பிவிடப்பட்டது. ஆட்கள் நிறுவனம் நிறுவனமாகப் போய், என்ன பிரச்சினை, யார் தீர்மானிக்க வேண்டும், கையில் என்ன தகவல் இருக்கிறது என்று எழுதிக்கொண்டு வந்தார்கள். 1921இல் எழுதப்பட்ட முதல் கேஸ்களில் ஒன்று, ஒரு காலணித் தொழிற்சாலையில் பணி நேரம் முடிய முக்கால் மணி நேரத்துக்கு முன்பே தொழிலாளர்கள் வேலையை நிறுத்திவிடுவதைப் பற்றியது. அது ஒரே ஒரு பக்கம். இன்று அங்கிருந்து வரும் கேஸ்கள் அட்டவணைகளோடு இருபது பக்கம் வரை போகின்றன என்றாலும், நாம் முன்மாதிரியாகக் கொள்ள வேண்டியது அந்த ஒற்றைப் பக்கத்தைத்தான் என்பது என் கருத்து.

இந்தியாவுக்கு இந்த முறை முழு வேகத்தில் வந்தது 1961இல் அகமதாபாத் ஐ.ஐ.எம். (இந்திய மேலாண்மைக் கழகம்) வழியாக. விக்ரம் சாராபாயின் முயற்சியில் உருவான அந்த நிறுவனத்துக்கு ஹார்வர்டு வணிகப் பள்ளி கூட்டாளியாகவும், ஃபோர்டு அறக்கட்டளை நிதி கொடுப்பதாகவும் இருந்தன. அதே ஆண்டில் தொடங்கிய கொல்கத்தா ஐ.ஐ.எம்.முக்கு அமெரிக்காவின் எம்.ஐ.டி. துணை நின்றது. அமெரிக்கக் கேஸ்களை மட்டும் வைத்துக்கொண்டு உரிமம், பங்கீட்டு முறை, கூட்டுறவுச் சங்கம் எனக் கிடந்த இந்தியத் தொழிலைப் பேச முடியாது என்பதால், இந்திய நிறுவனங்களுக்குப் போய்க் கேஸ் எழுதுவது அகமதாபாத் ஆசிரியர்களின் பணியில் ஒரு பகுதியானது. அந்தப் பழக்கம் மட்டும் நம் வட்டாரக் கல்லூரிகளுக்கு வந்து சேரவில்லை. பெயர் வந்தது, கேள்வி-பதில் வந்தது, திரட்டப் போகும் வேலை வரவில்லை.

குறை சொன்னவர்களையும் கேட்க வேண்டும். கனடாவைச் சேர்ந்த மேலாண்மை அறிஞர் ஹென்றி மின்ட்ஸ்பெர்க் பல ஆண்டுகளாக வைக்கும் குற்றச்சாட்டு இது: இருபது பக்கத்தை முந்தின இரவு படித்துவிட்டு, தாம் காலே வைக்காத ஒரு தொழிற்சாலையின் தலைவிதியை மறுநாள் காலை தீர்மானிக்கும் துணிச்சலைத்தான் இந்த முறை வளர்க்கிறது, தொழிலை அறியும் பொறுமையை வளர்ப்பதில்லை. பாதிக்கு மேல் நியாயமான குற்றச்சாட்டு. ஆனால் கேஸில் வரும் பட்டறை கல்லூரியிலிருந்து பஸ் டிக்கெட் தூரத்தில் இருந்து, மாணவர்கள் போய்ப் பார்த்துவிட்டு வர முடியும் என்றால், அந்தக் குற்றச்சாட்டின் முனை மழுங்கிவிடுகிறது. பெரிய வணிகப் பள்ளிகளுக்கு இல்லாத வசதி நமக்கு இருப்பது இந்த ஓர் இடத்தில்தான்.

எதை எடுப்பது

ஒரு நிறுவனம் பெரியது, பழமையானது, பேர் பெற்றது என்பதெல்லாம் அதைக் கேஸாக்கப் போதாது. அங்கே ஒருவர், குறிப்பிட்ட ஒரு நாளுக்குள், ஒன்றைச் செய்வதா வேண்டாமா என்று தீர்மானித்தே ஆக வேண்டிய நிலையில் இருக்க வேண்டும். இரு பக்கமும் நியாயம் இருக்க வேண்டும். தீர்மானத்துக்கு வேண்டிய தகவலில் முக்கால் பங்காவது எழுத்தில் கொடுக்கக் கூடியதாக இருக்க வேண்டும். மீதிக் கால் பங்கு இல்லாமலே முடிவெடுப்பதுதான் பயிற்சி. கிடைத்த விஷயத்தை நாலு வரியில் எழுதி, துறையில் இரண்டு பேரிடம் தனித்தனியாகக் காட்டிப் பாருங்கள். இருவரும் யோசிக்காமல் ஒரே விடையைச் சொன்னால் அது கணக்குப் பயிற்சி. அதைக் கேஸ் என்று நடத்தினால் பத்து நிமிடத்தில் வகுப்பு அடங்கிவிடும்.

நம் பகுதியில் இதற்குப் பஞ்சமில்லை. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அந்த இரண்டு மாதமும் கடலூர் முதுநகர்ப் பக்கம் ஐஸ் ஃபேக்டரி நடத்துபவர் இயந்திரத்தை நிறுத்துவதா, குறைந்த அளவில் ஓட்டுவதா, ஆட்களைக் கையில் வைத்துக்கொள்வதா என்று ஆண்டுதோறும் யோசிக்கிறார். நிலையான செலவு, மாறும் செலவு என்று கரும்பலகையில் எழுதிக் காட்டுவதை அவருடைய மின்கட்டண ரசீது ஒரு பக்கத்தில் காட்டிவிடும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையைக் கடந்து முந்திரித் தோப்புகளைச் சாய்த்தது. விழுந்த மரத்தை விறகுக்கு விற்றுவிட்டு விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையத்தின் வி.ஆர்.ஐ.3 முந்திரி ஒட்டுக்கன்றை நட்டுப் பலனுக்குக் காத்திருப்பதா, நிலத்தை வேறு பயிருக்கு மாற்றுவதா, பிளாட் போட்டு விற்றுவிடுவதா என்பது ஆயிரக்கணக்கான குடும்பங்கள் முன் நின்ற கேள்வி. மூலதன வரவுசெலவுக்கு, அதாவது நீண்ட கால முதலீட்டைத் தீர்மானிக்கும் பாடத்துக்கு, இதைவிட நல்ல பாடம் எந்த நூலிலும் எனக்குக் கிடைத்ததில்லை.

கேஸின் நடுநாயகர் எப்போதும் முதலாளியாகவே இருக்க வேண்டும் என்ற பழக்கத்தையும் கைவிடலாம். உலகெங்கும் எழுதப்படும் கேஸ்களில் மிகப் பெரும்பான்மை நிர்வாகியின் நாற்காலியிலிருந்தே பார்க்கின்றன. புதுச்சேரியின் ஆலை வரலாறு வேறு நாற்காலிகளையும் தருகிறது. 1936 ஜூலை 30 அன்று பஞ்சாலைத் தொழிலாளர் போராட்டத்தின்போது நடந்த துப்பாக்கிச் சூட்டில் 12 பேர் இறந்தார்கள்; வ. சுப்பையா முன்னின்ற அந்தப் போராட்டத்தைத் தொடர்ந்து, அடுத்த ஆண்டே எட்டு மணி நேர வேலைநாள் பிரெஞ்சு இந்தியாவில் சட்டமானது. ஜூலை இறுதியில் தொழிற்சங்கத் தலைவர் ஒருவரின் முன் என்னென்ன வழிகள் இருந்தன, ஆலை மேலாளர் முன் என்னென்ன இருந்தன என்று வகுப்பை இரண்டாகப் பிரித்து நடத்தினால் தொழில் உறவு என்ற பாடத்துக்கு உயிர் வரும். ஏ.எஃப்.டி. என்று ஊரார் சொல்லும் ஆங்கிலோ பிரெஞ்சு டெக்ஸ்டைல்ஸ் 2020இல் மூடப்பட்டதையும் இவ்வாறே எழுதலாம். மூடுவதற்குச் சில ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு நாளில் கதையை நிறுத்திவிடுவது முக்கியம். இவை பொது ஆவணங்களைக் கொண்டே எழுதக் கூடியவை; யாரிடமும் அனுமதி கேட்டுக் காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் முதல் கேஸாக இவற்றை எடுக்க வேண்டாம். முடிவு எல்லோருக்கும் தெரிந்த கதையில், தெரியாததுபோல் வகுப்பை நடத்துவதற்கு அனுபவம் வேண்டும்.

தகவல் திரட்டுதல்

உயிரோடு நடக்கும் தொழிலை எடுத்தால் முதலில் வேண்டியது எழுத்து அனுமதி. வாய்மொழியாக ‘எழுதிக்கொள்ளுங்கள் சார்’ என்று சொன்னவர், தம் கொள்முதல் விலை அச்சில் வந்ததைப் பார்த்ததும் மனம் மாறுவது இயல்பு. ஒரு பக்கக் கடிதம் போதும்: இன்ன நோக்கத்துக்காக எழுதுகிறோம், எழுதி முடித்ததும் உங்களிடம் காட்டுவோம், நீங்கள் கையெழுத்திட்ட பிறகுதான் வகுப்பில் பயன்படுத்துவோம், விரும்பினால் பெயரையும் ஊரையும் மாற்றிவிடுவோம். மறைக்கும்போது பெயரை மாற்றுவதோடு நின்றால், பண்ருட்டி போன்ற ஊரில் இரண்டாம் பத்தியிலேயே ஆள் யாரென்று தெரிந்துவிடும். ரூபாய்த் தொகைகள் அனைத்தையும் 0.8 அல்லது 1.3 போன்ற ஒரே எண்ணால் பெருக்கிவிடுங்கள். லாப விகிதம், கடன் விகிதம் எதுவும் மாறாது, உண்மையான தொகையும் வெளிப்படாது. வட்டி விகிதத்தையும் ஆட்களின் எண்ணிக்கையையும் பெருக்கிவிடாதீர்கள்.

சந்திக்கப் போகும் நேரம் முக்கியம். மண்டியில் ஏலம் நடக்கும் காலை வேளையில் போனால் காபி வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். பிற்பகல் மூன்று மணிக்குமேல், கல்லாவில் உட்கார்ந்து அன்றைய வரவை எழுதும் நேரத்தில் போங்கள். முதல் சந்திப்பில் ஃபோனை எடுத்து மேசைமேல் ரெக்கார்டரைப் போட வேண்டாம். தொழில் எப்படிப் போகிறது என்று கேட்டால் ‘ஏதோ ஓடுது’ என்ற பதிலைத் தவிர எதுவும் வராது. கடந்த சீசனில் எந்த முடிவை எடுக்க அதிக நாள் யோசித்தீர்கள், யாரிடம் கேட்டீர்கள், அவர் என்ன சொன்னார் என்று கேட்டால் அரை மணி நேரம் பேசுவார். உரிமையாளரிடம் பேசியதும் கணக்குப்பிள்ளையிடமும், மேஸ்திரியிடமும், முடிந்தால் சரக்கு வாங்கும் கமிஷன்காரரிடமும் தனியாகப் பேசுங்கள். ஒரே நிகழ்ச்சியை மூவர் மூன்று விதமாகச் சொல்லும் இடம் எதுவோ, கேஸ் அங்கேதான் இருக்கிறது. பேச்சில் வரும் எண்ணை அப்படியே எழுதிக்கொள்ளாமல் பேரேட்டிலும் ஸ்டாக் புத்தகத்திலும் ஒரு மாதத்தையாவது சரிபாருங்கள். யாரும் வேண்டுமென்று பொய் சொல்வதில்லை, ஆனால் நல்ல மாதத்தின் விலைதான் எல்லோருக்கும் நினைவில் நிற்கும்.

எழுதுதல்: ஒரு முந்திரிப் பட்டறை

மாதிரிக்கு ஒன்றை வைத்துக்கொள்வோம். பண்ருட்டிக்கு அருகில் முந்திரிப் பட்டறை நடத்தும் ஒரு பெண்மணி, மார்ச் மாதத் தொடக்கத்தில், நாட்டுக்கொட்டையை உள்ளூர் விவசாயிகளிடம் வாரந்தோறும் வாங்கி ஓட்டுவதா, தூத்துக்குடி வழியாக வரும் ஆப்பிரிக்கக் கொட்டையை ஒரே லாட்டாக 200 மூட்டை எடுத்துவிடுவதா என்று தீர்மானிக்க வேண்டும். இறக்குமதி வியாபாரி வெள்ளிக்கிழமைக்குள் பதில் கேட்கிறார். கேஸின் முதல் பத்தியில் இவ்வளவுதான் இருக்க வேண்டும்: யார், எப்போது, எதற்கும் எதற்கும் இடையே, ஏன் இப்போதே. பட்டறை தொடங்கிய கதை, மாமனார் காலத்து வறுப்புச் சட்டி, முந்திரி போர்ச்சுக்கீசியரோடு வந்த வரலாறு எல்லாம் இரண்டாம் பக்கத்துக்குப் போகட்டும். போகாமலே இருந்தாலும் நஷ்டமில்லை.

பிறகு எண்கள். இந்தத் தொழிலில் கொட்டையின் தரத்தை 80 கிலோ மூட்டைக்கு எத்தனை பவுண்டு பருப்பு தேறும் என்றுதான் பேசுகிறார்கள். கணக்குக்காக, நாட்டுக்கொட்டை மூட்டை 10,400 ரூபாய், பருப்பு 46 பவுண்டு என்றும், இறக்குமதிக் கொட்டை மூட்டை 11,200 ரூபாய், பருப்பு 50 பவுண்டு என்றும் கொள்வோம். மாணவர்களில் பாதிப் பேர் மூட்டை விலையைப் பார்த்ததும் நாட்டுக்கொட்டைதான் மலிவு என்று எழுதிவிடுவார்கள். 46 பவுண்டு என்பது 20.87 கிலோ, 50 பவுண்டு என்பது 22.68 கிலோ, ஆக ஒரு கிலோ பருப்புக்குக் கொட்டைச் செலவு முன்னதில் ஏறக்குறைய 498 ரூபாய் 30 காசு, பின்னதில் 493 ரூபாய் 80 காசு. விலை கூடிய மூட்டை நாலரை ரூபாய் மலிவாகிவிடுகிறது. வகுப்பு இதைக் கண்டுபிடித்ததும் முடிவு தெரிந்துவிட்டதாக நினைக்கும்.

அந்த நினைப்பைக் கலைக்கும் தகவல் மூன்றாம் பக்கத்தில் சாதாரணமாகக் கிடக்க வேண்டும். 200 மூட்டைக்கு 22 லட்சத்து 40 ஆயிரம் ரூபாயை முன்கூட்டியே கட்ட வேண்டும், வங்கியில் சி.சி. கணக்குக்கு, அதாவது வேண்டும்போது எடுத்துக் கட்டும் தொழில் கடனுக்கு, ஆண்டு வட்டி 12 சதவீதம். சரக்கை ஓட்டி முடிக்க மூன்று மாதம் ஆகும். மூன்று மாத வட்டி 67,200 ரூபாய். கிடைக்கும் 4,536 கிலோ பருப்பில் இதைப் பிரித்தால் கிலோவுக்குக் கிட்டத்தட்ட 15 ரூபாய்; நாலரை ரூபாய் லாபம் போன இடம் தெரியவில்லை. இங்கே கெட்டிக்கார மாணவி ஒருத்தி கட்டாயம் கையைத் தூக்குவாள்: பணம் முழுவதும் மூன்று மாதமும் முடங்கியிருக்காது, பருப்பு விற்க விற்கத் திரும்பி வரும், ஆகவே சராசரியில் பாதி வட்டிதான். சரி, ஏழு ரூபாய் 40 காசு. அப்படியும் நாட்டுக்கொட்டைதான் முந்துகிறது. ஆனால் நாட்டுக்கொட்டையின் வரத்து ஜூனோடு ஓய்ந்துவிடும். அதற்குப் பிறகு உடைக்கவும் தோலுரிக்கவும் வரும் பெண்களுக்கு வேலை இல்லையென்றால் அவர்கள் பக்கத்துப் பட்டறைக்குப் போய்விடுவார்கள், அடுத்த சீசனுக்குத் திரும்பி வருவார்களா என்பது உறுதியில்லை. இந்த இழப்புக்கு எண் கிடையாது. உள்ளூர் விவசாயிகளோடு மூன்று தலைமுறைப் பழக்கத்துக்கும் எண் கிடையாது. ஏற்றுமதிக்காரர் கேட்கும் முழுப்பருப்பு, அதாவது ஒரு பவுண்டில் 300 முதல் 320 பருப்பு வரை நிற்கும் 320 ரகம், எந்தக் கொட்டையில் அதிகம் தேறும் என்பதை உரிமையாளர் அனுபவத்தில் ஊகிக்கிறாரே தவிர எழுதி வைத்ததில்லை. கேஸ் அங்கே நின்றுவிட வேண்டும். அவர் கடைசியில் என்ன செய்தார் என்று ஒரு வரிகூட எழுதக் கூடாது.

எழுத்து இரண்டு பக்கம், அட்டவணை ஒரு பக்கம் என்ற அளவைத் தாண்ட வேண்டாம். இறந்த காலத்தில் எழுதுங்கள். ‘திறமையான’, ‘புதுமையான’ என்ற அடைகளை எடுத்துவிடுங்கள், உரிமையாளர் திறமையானவரா என்று சொல்ல வேண்டியது வகுப்பு. தேவையில்லாத எண்கள் இரண்டு மூன்று வேண்டுமென்றே இருக்கட்டும், எது வேண்டும் எது வேண்டாம் என்று பிரிப்பதும் வேலைதான். தமிழிலேயே எழுதுங்கள் என்றும் வற்புறுத்திச் சொல்வேன். தேர்வு ஆங்கிலத்தில் என்றால் அட்டவணைத் தலைப்புகளை ஆங்கிலத்திலும் தந்துவிடலாம். ஆங்கிலத்தில் கேட்டால் தலையைக் குனிந்துகொள்ளும் பையன், அப்பா மண்டியில் மூட்டை போடுபவராக இருந்தால், தமிழில் கேட்கும்போது ஆசிரியருக்கே தெரியாத தள்ளுபடிக் கணக்கைச் சொல்லுவான்.

வகுப்பில்

நம் கல்லூரிகளில் ஒரு பீரியட் பெரும்பாலும் 50 நிமிடம் அல்லது ஒரு மணி நேரம். ஹார்வர்டில் கேஸ் வகுப்பு 80 நிமிடம். அடுத்தடுத்த இரண்டு பீரியடுகளைச் சேர்த்து வாங்கிவிடுங்கள், சக ஆசிரியரோடு மாற்றிக்கொண்டாலும் சரி. பாதியில் மணி அடித்து மறுநாள் தொடர்ந்தால் சூடு ஆறிவிடும். பெஞ்சுகளை நகர்த்த முடிந்தால் லாட வடிவில் போடுங்கள். மாணவர்கள் உங்களைப் பார்த்துப் பேசாமல் ஒருவரையொருவர் பார்த்துப் பேசுவதற்கு அந்த வடிவம் உதவுகிறது, ஹார்வர்டு போன்ற வணிகப் பள்ளிகளின் வகுப்பறைகள் அரைவட்டப் படிக்கட்டாகக் கட்டப்பட்டிருப்பதும் இதற்காகத்தான். நகர்த்த முடியாத கட்டடம் என்றால், நீங்கள் அறையின் பின்பக்கம் போய் நின்றுகொள்ளுங்கள்.

கேஸை இரண்டு நாள் முன்பே கொடுத்து, ஒவ்வொருவரும் தம் முடிவை ஒரே வரியில் எழுதி வகுப்புக்குள் நுழையும்போது தர வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். எண்ணிப் பார்த்தால் எந்தப் பக்கம் எத்தனை பேர் என்று தெரிந்துவிடும். அதைப் பலகையின் மூலையில் எழுதுங்கள். முதல் கேள்வியை எப்போதும் ‘நீங்கள் அந்த அம்மாவாக இருந்தால் வெள்ளிக்கிழமை என்ன பதில் சொல்வீர்கள்’ என்றே தொடங்குங்கள். பிரச்சினை என்ன என்று தொடங்கினால் கேஸை அப்படியே வாசித்துக் காட்டுவார்கள். முதலில் பேசுபவர் சிறுபான்மைப் பக்கத்தவராக இருந்தால் விவாதம் நிலைக்கும். பலகையை மூன்றாகப் பிரித்து இடப்பக்கம் கணக்கு, நடுவில் ஆட்களும் உறவும், வலப்பக்கம் தெரியாதவை என்று வைத்துக்கொள்ளுங்கள். வலப்பக்கம் நிரம்பிக்கொண்டே போனால் வகுப்பு நன்றாகப் போகிறது என்று அர்த்தம்.

நம் ஆசிரியர்களுக்கு இதில் மிகவும் கடினமானது வாயை மூடிக்கொண்டிருப்பது. மாணவர் தவறான எண்ணைச் சொன்னதும் திருத்தத் தோன்றும். திருத்தாமல் ‘இதை யாராவது போட்டுப் பார்த்தீர்களா’ என்று வகுப்பைக் கேளுங்கள், அரை நிமிடம் அமைதியாக இருந்தாலும் பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரே நாலு பேர் பேசிக்கொண்டிருப்பதைத் தடுக்க, யாரை எப்போது அழைப்பது என்பதை முன்பே குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். தயாராக வராதவரை அவமானப்படுத்துவதற்கு அழைக்கக் கூடாது, பெற்றோர் அந்தத் தொழிலில் இருக்கும் மாணவரைச் சரியான இடத்தில் அழைப்பதற்குத்தான் அந்தக் குறிப்பு. கடைசிப் பத்து நிமிடத்தில் மறுபடியும் கை தூக்கச் சொல்லி, முதல் எண்ணிக்கையோடு ஒப்பிட்டு, பக்கம் மாறியவர்களிடம் மட்டும் ஏன் மாறினீர்கள் என்று கேளுங்கள். சரியான விடை என்ன சார் என்ற கேள்வி வரும். உரிமையாளர் என்ன செய்தார் என்பதைச் சொல்லலாம், அதுதான் சரி என்று சொல்லிவிடக் கூடாது.

இனி வருவது

கேஸ் முறைக்கு இப்போது வந்திருக்கும் நெருக்கடி செயற்கை நுண்ணறிவால் வந்தது. பேர் பெற்ற கேஸ் எதையும் ஃபோனில் போட்டால், பின்னணி, மாற்று வழிகள், பரிந்துரை என்று பிசிறில்லாத மூன்று பக்கம் அரை நிமிடத்தில் வந்துவிடுகிறது. பழைய கேஸ்களுக்கான விடைகளை இணையத்தில் விற்பது அதற்கு முன்பே நடந்ததுதான். இப்போது அது இலவசமாகிவிட்டது. முந்தின இரவு படித்து வருவதை நம்பியே நடக்கும் ஒரு முறைக்கு இது சிறிய அடியல்ல. காணொளிக் கேஸ், கணினி விளையாட்டு, 2014இல் ஹார்வர்டு தொடங்கிய இணையவழி வகுப்பு, 2020இல் பெருந்தொற்றால் எல்லோரும் கற்றுக்கொண்ட திரைவழி விவாதம் ஆகியவை எல்லாம் வந்தும் முறையின் அடிப்படை மாறவில்லை. இது அடிப்படையையே தொடுகிறது.

இதற்குத் தடை போட்டுப் பயனில்லை, கேஸின் அமைப்பைத்தான் மாற்ற வேண்டும். எங்கும் அச்சாகாத உள்ளூர்க் கேஸுக்கு இணையத்தில் தயார் விடை கிடையாது என்பது முதல் பாதுகாப்பு, ஆனால் முழுப் பாதுகாப்பு அல்ல. மூன்று பக்கத்தையும் படம் பிடித்துப் போட்டால் இயந்திரம் ஏதோ ஒன்றைச் சொல்லத்தான் செய்யும். ஆகவே கேஸை இரண்டாகப் பிரியுங்கள். வட்டி பற்றிய பக்கத்தை முன்கூட்டித் தராமல் வகுப்பு தொடங்கி அரை மணி நேரம் கழித்துக் கையில் கொடுங்கள். வீட்டிலிருந்து கொண்டுவந்த பரிந்துரையை அங்கேயே, பேனாவும் தாளும் வைத்துக்கொண்டு, மாற்ற வேண்டியிருக்கும். இயந்திரம் தந்த விடையையே நீங்கள் அச்சிட்டுக் கொண்டுவந்து, வகுப்பில் பேசும் இன்னொரு ஆளின் கருத்தாக மேசைமேல் வையுங்கள். இதில் எந்த வரி பண்ருட்டியைத் தெரியாமல் சொன்ன வரி என்று கேளுங்கள். நாட்டுக்கொட்டை ஜூனோடு நின்றுவிடும் என்பதை அது கணக்கில் எடுத்துக்கொண்டிருக்கிறதா, உடைக்க வரும் பெண்கள் போய்விடுவார்கள் என்பதை ‘மனிதவள இடர்’ என்று ஒரு சொல்லில் தாண்டிவிட்டதா என்று மாணவர்கள் தேடட்டும். சில நேரம் அது மாணவர்களைவிட நன்றாகவே சொல்லியிருக்கும். அப்போது அதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

இன்னொரு வழி, தொழில்காரரையே வகுப்புக்கு அழைத்து வருவது. ஹார்வர்டில் 1912 வாக்கிலேயே, அச்சில் கேஸ் எதுவும் இல்லாத காலத்தில், வணிகர்கள் நேரில் வந்து தம் பிரச்சினையைச் சொல்ல, மாணவர்கள் எழுதிக் கொடுத்த யோசனையைப் பிறகு அவர்களோடு விவாதிக்கும் வகுப்பு ஒன்று நடந்தது. நூறாண்டு கழித்து அந்தத் தொடக்க வடிவமே மறுபடியும் தேவைப்படுகிறது. அழைப்பவரிடம் உரை நிகழ்த்தச் சொல்லாதீர்கள், பொன்னாடையும் வேண்டாம். அவர் கடைசி வரிசையில் உட்கார்ந்து, வகுப்பு தம் தொழிலைப் பிய்த்துப் போடுவதை ஒரு மணி நேரம் கேட்டுவிட்டு, கடைசி இருபது நிமிடம் மட்டும் பேசினால் போதும்.

மதிப்பெண்ணைப் பொறுத்தவரை, வீட்டில் எழுதிவரும் அறிக்கைக்கு இனி அதிகம் கொடுக்க முடியாது. அகமதிப்பீட்டில் இந்தப் பகுதிக்கு ஒதுக்கியதில் பாதியையாவது வகுப்பில் பேசியதற்கும், கேஸின் இரண்டாம் பகுதி கைக்கு வந்த பிறகு அங்கேயே எழுதியதற்கும் வையுங்கள். பேசியதற்கு மதிப்பெண் போடும்போது எத்தனை முறை பேசினார் என்று எண்ணாமல், பிறர் சொன்னதைக் கேட்டுத் தம் கருத்தை நகர்த்தினாரா என்று பாருங்கள். வகுப்பு முடிந்த பத்து நிமிடத்துக்குள் எழுதிவிட வேண்டும், மாலைக்குள் மறந்துவிடும்.

கடைசியாக, கேஸோடு சேர்த்து ஆசிரியர் குறிப்பு ஒன்றை எழுதிக் கோப்பில் வையுங்கள். கேள்விகளின் வரிசை, பலகையின் அமைப்பு, கணக்கின் முழு விடை, வகுப்பு எந்த இடத்தில் தடுமாறியது, உரிமையாளர் உண்மையில் என்ன செய்தார், அனுமதிக் கடிதத்தின் நகல் ஆகியவை அதில் இருக்கட்டும். அடுத்த ஆண்டு பிப்ரவரியில் மூட்டை விலையையும் வட்டி விகிதத்தையும் மட்டும் திருத்தி, திருத்திய தேதியை மேலே எழுதுங்கள். வேறு கல்லூரி ஆசிரியர் யாராவது கேட்டால் கேஸைக் கொடுங்கள், ஆசிரியர் குறிப்பை அவருடைய கல்லூரி மின்னஞ்சல் முகவரிக்கு மட்டும் அனுப்புங்கள். மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவுக்கு அது ஒருமுறை போய்விட்டால் அந்தக் கேஸை மறுபடி நடத்த முடியாது, புதிதாக ஒன்றைத் தேடி மண்டிக்குப் போக வேண்டியதுதான்.